ஏற்காடு காபிக்கு எந்த ஒயின் சட்டம் பொருந்தும்?

சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டாக வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஆனால், 'ஏற்காடு காபி' என்ற பெயரில் வாங்கும் தூளில் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக் கொட்டை எவ்வளவு என்பதை அந்த விகிதம் சொல்வதில்லை. ஊர்ப் பெயரைக் காக்கும் வித்தையை ஒயின் நாடுகளிடம்தான் கற்க வேண்டும். அங்கே இரண்டு வழிகள் உண்டு.

பிரான்ஸ் 1935-இல் கொண்டுவந்த 'அப்பலாசியோன்' முறையில் திராட்சை முழுவதும் குறித்த எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். எந்த ரகம், ஹெக்டேருக்கு எவ்வளவு மகசூல், கொடியை எப்படிக் கவாத்து செய்வது என்பது வரை கட்டுப்பாடு. அமெரிக்க முறை தளர்வானது. லேபிளில் கலிஃபோர்னியாவின் ஒயின் வட்டாரமான 'நாபா பள்ளத்தாக்கு' பெயரைப் போட 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்தால் போதும். எதைப் பயிரிடுவது என்பது விவசாயியின் விருப்பம்.

எல்லை விஷயத்தில் நான் பிரான்ஸ் பக்கம். நூறு கிலோவில் பதினைந்து கிலோ ரொபஸ்டா என்ற மலிவான சமவெளிக் காபி வகையைச் சேர்த்து, வறுத்து அரைத்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நஷ்டம் மட்டும் சில்வர் ஓக் நிழலில், செடி செடியாகப் பழுத்த பழத்தைப் பார்த்துப் பறித்துத் தரும் மலைத் தோட்டக்காரருக்கு.

ஆனால், ரகத்தைச் சட்டம் முடிவு செய்வது இங்கே ஆபத்து. மலையில் விளையும் அராபிகா வகைக் காபியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. அதன் புழு தண்டைக் குடைந்துகொண்டே போகும். இலை மஞ்சளாகி வாடும்போது செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்காது. பிடுங்கிய இடத்தில் பழைய அராபிகா ரகமான எஸ்.795 வைப்பதா, இன்னொரு ரகமான சந்திரகிரி வைப்பதா என்பதை மண்ணைப் பார்த்துத் தோட்டக்காரரே முடிவு செய்யட்டும். பாரிஸில் எழுதும் விதிபோல ஒரு ரகத்தை இங்கே கட்டாயமாக்கினால், முதலில் வெளியேறுபவர் சிறு விவசாயிதான்.

எனவே விளைச்சல் நூறு சதவீதம் இந்த மலையினதாக இருக்கட்டும். ரகமும் மகசூலும் அவரவர் பாடு. ஊர்ப் பெயரைக் காக்க நம் நாட்டிலும் புவிசார் குறியீடு என்ற சட்டப் பதிவு உண்டு; 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்கு அது கிடைத்தது. அதற்கான விண்ணப்பத்தில் எல்லை, தரம், கண்காணிப்பு எல்லாவற்றையும் எழுதித்தர வேண்டும். ஏற்காடு காபிக்கு அதை எழுதும்போது பெரிய எஸ்டேட்டுகளோடு, இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் மலைவாழ் விவசாயிகளுக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும்.