செட்டிநாட்டு வளவில் மாக்கோலமும் ஓலையும்: நினைவு மங்கத் தொடங்கிய பெரியவர்களுக்குக் கலை விளையாட்டு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நினைவு மங்கத் தொடங்கியவர்களுக்கென்றே நடக்கும் கலை வகுப்பு எதுவும் இந்தப் பயணத்தில் எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் சிங்கப்பூர் முதியோர் மையங்களில் இந்த வேலையைச் செய்யும்போது நாங்கள் காசு கொடுத்துத் தேடும் பொருள்கள் இங்கே வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. விடுப்பில் வருகிற பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்துவிடலாம்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் இவையும் மறதிபோலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே முடித்துக்கொண்டு, நரம்பியல் மருத்துவருக்கு மதுரை போகலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை.

கலை விளையாட்டால் நோய் நிற்காது. முகம் தெளிகிறது, பேச்சு வருகிறது, அந்த முற்பகல் நன்றாகப் போகிறது. அதுவே போதுமான காரணம். ஆல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது புதிய நிகழ்ச்சிகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியை. கைப்பழக்கம் வேறு பகுதிகளைச் சார்ந்தது, நெடுநாள் நிற்கும். நேற்று வந்தவர் பெயர் மறந்த ஆச்சிக்கும் விரல் வழியே மாவை வழியவிடத் தெரியும்.

அதனால் நடுவீட்டுக் கோலத்திலிருந்து தொடங்குவது நல்லது. அரைக் கப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, திப்பி இல்லாமல் அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சிறிய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கைக்குள் பிடித்து, மோதிர விரல் வழியே இழுக்க வேண்டும். நீர்த்தால் கோடு பரவும், கெட்டியானால் இடையிடையே அறுந்துபோகும். தரையில் உட்காரவைக்காதீர்கள். மூட்டு வலி ஒரு பக்கம் இருக்க, ஆத்தங்குடிக் கல் (பூ வேலை செய்த தரை ஓடு) மேல் ஈரமாவு சிந்தினால் கால் வழுக்கும். கல்லின் பூ வேலைக்கு நடுவே கோடும் தெரியாது. இரண்டடிச் சதுரப் பலகைக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்து மேசையில் வையுங்கள். இதில் பலர் கவனிக்காதது ஒன்று: ஈரமாக இருக்கும்போது மாக்கோலம் மங்கலாகத்தான் தெரியும், காய்ந்த பிறகே வெளுக்கும். போட்டது காணவில்லையே என்று அவர்கள் அதே கோட்டில் திரும்பத் திரும்ப இழுத்துத் தவிப்பார்கள். பக்கத்தில் ஒரு விசிறியை ஓடவிட்டு, சற்றுப் பொறுத்துக் காட்டினால் சரியாகிவிடும். இடுக்குப் புள்ளிக் கோலம் வேண்டாம். எண்ணிக்கை நடுவில் நழுவியதும் மனம் உடைந்துபோகும். புள்ளியில்லாத இழைக் கோலமோ, நீங்களே புள்ளி வைத்துக் கொடுத்த ஐந்துக்கு ஐந்தோ போதும்.

கொட்டான் என்னும் ஓலைக் கூடையை முழுதாக முடைவது எட்டாத வேலை. அடிப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு சென்டிமீட்டர் அகலப் பனையோலை, இரண்டு நிறத்தில் எட்டெட்டு. அரை மணி நேரம் ஊறாத ஓலை மடிக்கும்போது வெடிக்கும், ஓரம் விரலைக் கிழிக்கும். சாயமிட்டதையே வாங்கிவிடுங்கள், வீட்டில் கொதிக்கவைக்க வேண்டாம். முதல் மூன்று வரிசையை நீங்கள் பின்னி, நாலு மூலையிலும் துணிக் கிளிப் போட்டுக் கையில் கொடுங்கள். வெற்று ஓலைக் கட்டைக் கண்டால் எங்கே தொடங்குவதென்று திகைப்பு வரும்.

கோலமும் கொட்டானும் பழகாத ஐயாக்களுக்கு அட்டையில் ஆத்தங்குடிக் கல். மூன்று அங்குலச் சதுர அட்டை பதினாறு. ஒவ்வொன்றையும் மூலைவாட்டில் பிரித்து ஒரு பாதி காவி, மறு பாதி வெள்ளை. விளிம்புள்ள தட்டில் நாலுக்கு நாலாக அடுக்கச் சொல்லுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒரு வடிவம் வரும் என்பதால் தப்பு என்ற பேச்சே எழாது. ஆத்தங்குடிப் பட்டறைக்கும் கூட்டிப் போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றுவதைப் பார்க்க அலுக்காது. ஈர சிமென்ட் தோலை அரிக்கும், தொட விடாதீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் மூடியோ பழைய படமோ வாங்கினால் பேச்சுக்கு ஆகும். “இது யாரு, தெரியுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அது பரீட்சை. “இந்த அம்மா எங்க கெளம்பிட்டாக?” என்று கேட்டால் கதை வரும், வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்பவர் 1990களில் தொடங்கிய டைம்ஸ்லிப்ஸ் முறையும் இப்படி நினைவை விட்டுக் கற்பனையைக் கேட்பதுதான்.

நேரம் காலைப் பலகாரம் முடிந்து பத்து மணி வாக்கில், முப்பது நாற்பது நிமிடம். சாயங்காலம் குழப்பம் கூடுபவர்கள் உண்டு. வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) வெயில் நகரும்போது தூண் நிழல் பலகையில் விழுந்தால் அதையும் கோடென்று நினைப்பார்கள். பட்டாலை என்னும் கூடத்தில் ஒரே சீரான வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் போட்டாயிற்றா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும்: “துணிய நனைங்க ஆச்சி.” செய்து முடித்த பிறகே அடுத்தது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் அக்காவே நடத்தட்டும், நீங்கள் ஓரமாக இருங்கள். வீடியோ காலில் நீங்களே நடத்த நினைக்க வேண்டாம். குரல் பிந்தி வருவதால் எந்த வேலைக்கு எந்தச் சொல் என்பது அவர்களுக்குக் குழம்பிவிடும். முடித்ததைக் காட்டும் நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.