மரப்படகுக்கு அல்ட்ராசோனிக் கருவி மாட்டி ஏமாந்த கதை

தூத்துக்குடியில் எனக்கு 50 அடி விசைப்படகு ஒன்று இருக்கிறது. மரப்படகுதான். புழு துளைக்காமல் இருக்க வெளியே ஃபைபர் போர்த்தியிருக்கிறோம். நம் பக்கத்தில் இப்படிப் படகுகள் நிறைய. அந்தப் போர்வைதான் என்னைக் கவிழ்த்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது தெரிந்ததுதான். படகைக் கரையேற்றிச் சுரண்டி, பெயின்ட் அடித்து வைத்துக்கொள்கிற நேரம். போன தடைக்காலத்தில் ஒருவர் பெட்டியோடு வந்தார். படகுக்குள் அடிப்பலகையில் இரண்டு வட்டுகளை ஒட்டுவோம், காதுக்குக் கேட்காத ஒலியில் படகின் உடம்பே அதிரும், பாசியும் சிப்பியும் ஒட்டாது, இனிமேல் பாசித்தடுப்பு பெயின்ட்டே வேண்டாம் என்றார்.

"படகு ஃபைபர்தானே அண்ணாச்சி?"

"வெளியே ஃபைபர், உள்ளே மரம்."

"அது போதும்."

அந்த இரண்டு வார்த்தையை நான் எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஒன்றே கால் லட்சம் கொடுத்தேன். பெயின்ட் செலவு மிச்சம் என்று அந்த வருடம் பெயின்ட்டும் அடிக்கவில்லை. அதுதான் பெரிய முட்டாள்தனம்.

கருவியே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இரும்பு, அலுமினியம், நடுவில் வேறெதுவும் வைக்காத கெட்டி ஃபைபர் என்றால் அதிர்வு நன்றாகப் பரவும். முதலில் படிகிற வழுவழுப்பான பாசிப்படலம் குறையும், சிப்பிக்குஞ்சும் எளிதில் அமராது. மரம் அப்படியில்லை, அதிர்வை விழுங்கிவிடும். நடுவில் நுரையோ பால்சா மரமோ வைத்த ஃபைபர் படகிலும் இதே தொல்லைதான். அதில் உள்தோலையும் நடுச்சரக்கையும் வெட்டியெடுத்து, வெளித்தோலில் வட்டை ஒட்ட வேண்டும். மரப்படகுக்கு ஆகாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. எனக்கு அந்தக் கையேட்டைத் தரவேயில்லை, பின்னால் தேடிப் படித்தேன்.

ஒட்டிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். பழைய பெயின்ட்டைத் தேய்த்து, துடைத்து, எபாக்சி பசை வைத்து ஒட்டி இறுகவிட வேண்டிய வேலை இது. வந்த பையன் பெயின்ட் மேலேயே சிலிக்கானைப் பிதுக்கி அழுத்தினான். அரை மணி நேரத்தில் முடிந்தது. ரப்பர் மாதிரி இருக்கிற சிலிக்கான் வழியாக அதிர்வு எங்கே போகும்?

கடலில் இறக்கிய சில வாரத்திலேயே முதல் அடி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படகு சும்மா நிற்கும், கருவி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஸ்டார்ட் செய்கிற பேட்டரியிலேயே அதை இணைத்திருந்தார்கள். திங்கள் விடியற்காலையில் எஞ்சின் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்துப் படகில் பேட்டரி கடன் வாங்கிக் கிளம்பினோம்.

செப்டம்பரில் டிரைவர் "வேகம் வரல, என்னவோ இழுக்குது" என்றார். 180 லிட்டர் டீசலில் போய் வந்த தூரத்துக்கு 230 ஆனது. ஆளை இறக்கிப் பார்த்தால் அடிப்பகுதி முழுக்கச் சிப்பி. புரொப்பல்லர் இலைகளையும் விட்டுவைக்கவில்லை. வட்டு ஒட்டிய இடத்துக்கு நேர் கீழேயும் அதே கனம்தான். மறுபடி கரையேற்றம், சுரண்டல், பெயின்ட், பத்து நாள் தொழில் போச்சு.

விற்றவருக்குப் போன் போட்டேன். "பச்சை விளக்கு எரியுதா?" என்றார். எரிகிறது என்றேன். "அப்போ கருவி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி." வாரண்டி பெட்டிக்கு மட்டும்தானாம், சிப்பிக்கு இல்லையாம். விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான் பொருள். பில்லில் "மின்னணுக் கருவி 1" என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. மூன்றாவது போனுக்குப் பிறகு அவர் எடுப்பதில்லை.

எங்கள் ஓடாவி, அதாவது படகு கட்டுகிற தச்சர், படகின் உடம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை என்கிட்ட முதல்லயே காட்டியிருக்கலாம்ல" என்றார். வேறு துறைமுகங்களிலும் இதே பெட்டியோடு ஆள் சுற்றுவதாகக் கேள்வி. ஏப்ரலில் உங்கள் பக்கம் வந்தால், பேசும்போது ஓடாவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் படகு மரம் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.