50 லிட்டர் பையும் 5-ஆம் எண் ரன்னரும்

முன்பக்கம் முழுவதும் ஜிப்பால் திறக்கும் என் 50 லிட்டர் மலையேற்றப் பைக்குச் சென்ற வாரம் திருப்பூரில் புது ரன்னர் போட்டாயிற்று. இரு பக்கப் பற்களையும் கோத்து மூடியபடி ஜிப்பில் நகரும் அந்தச் சிறு துண்டுதான் ரன்னர். பை வாங்கிப் பல பருவங்கள் கடந்துவிட்டன. ரன்னர் மாற்றுவது இது முதல் முறையும் அன்று. கொள்ளளவு, துணியின் கனம், பட்டைகளின் எண்ணிக்கை ஆகியவை விற்பனை விளம்பரத்திலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, எந்த விளம்பரமும் வாய் திறக்காத அந்த ஜிப்பைப் பற்றியே எழுதுகிறேன். இதே அமைப்பில் வேறு சிலரும் பை தைத்து விற்பதால் நிறுவனத்தின் பெயர் இங்கே தேவைப்படவில்லை.

நியாயமாகப் பேசுவதென்றால் இடுப்புப் பட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பட்டையை இடுப்பெலும்பின் மேல் அமர்த்தி முதலில் இறுக்கி, அதன் பிறகு தோள்வார்களை அளவாக இழுத்துவிட்டால், சுமையின் பெரும்பங்கு கால்களுக்கு இறங்கிவிடுகிறது. தோள்களுக்குப் பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. வெள்ளியங்கிரியிலிருந்து இறங்கி வரும்போது முழங்கால் கெஞ்சியிருக்கிறது. தோள் ஒருபோதும் வலித்ததில்லை. பட்டையின் உள்ளே இருக்கும் பஞ்சு இன்றும் தட்டையாகவில்லை. உண்ணிச்செடிப் புதர்களுக்குள் உரசிக்கொண்டே போயும் துணியில் ஒரு கிழிசல் கிடையாது, ஒரு தையல் பிரியவில்லை. இவ்வளவு நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள்தாம் அந்த ஜிப்பையும் வைத்தார்கள் என்பதை நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

முன்பக்கம் திறக்கும் பையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. படுக்கைப்பை போன்ற எடை குறைந்த பொருள்கள் அடியிலும், அடுப்பு, அரிசி, பருப்பு போன்ற கனமானவை முதுகெலும்பை ஒட்டி நடுவிலும், மழைச்சட்டை மேலேயும் இருக்க வேண்டும் என்பது பை அடுக்குவதன் அடிப்படை. மேல்வாய் மட்டும் உள்ள பையில், நடுவில் வைத்த ஒன்று வேண்டுமென்றால் மேலே இருப்பவை அத்தனையையும் வெளியே எடுத்தாக வேண்டும். வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் அட்டைகள் நெளியும் தரையில் துணிமணிகளைப் பரப்பி வைக்க யாருக்கும் மனம் வராது. இந்தப் பையிலோ ஜிப்பை இழுத்தால் வைத்தவை வைத்தபடியே தெரியும். அட்டைக்கென்று உப்பும் புகையிலைத் தூளும் கட்டி வைத்த பொட்டலத்தை வேறெதையும் கலைக்காமல் எடுத்துவிடலாம். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் நெகிழிப் பொருள்கள் இருக்கின்றனவா என்று வனத்துறையினர் பையைச் சோதிக்கும்போதும், வரிசையில் முதலில் முடிவது என் பையாகத்தான் இருக்கும்.

மீண்டும் மூடும்போதுதான் சோதனை. நைலான் இழையைச் சுருட்டிப் பற்களாக்கிய சுருள் ஜிப்பில் எண் என்பது, மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். இதில் இருப்பது 5-ஆம் எண். அதிகச் சுமை தூக்கும் பைகளின் முதன்மை வாய்க்கு 8 அல்லது 10 வைப்பதுண்டு. மெலிந்த ஜிப்பை நேர்கோட்டிலாவது தைத்திருக்கலாம். இவர்கள் தலைகீழான 'ப' போல இரண்டு வளைவுகளோடு தைத்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் பொருள்கள் வெளியே தள்ளும் விசை அந்த வளைவுகளில்தான் சேர்கிறது, ரன்னரும் அங்கேதான் தேய்கிறது. தேயத் தேய அதன் இரு விளிம்புகளும் விரிந்து, பற்களை அழுத்திக் கோக்கும் பிடி தளர்ந்து, ரன்னர் கடந்துபோன பிறகும் ஜிப் பின்னாலேயே பிளந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, மழைநீர் இறங்காமலிருக்க ஜிப்பின் மேல் ஒரு துணிமடிப்பு வைத்திருக்கிறார்கள்; ரன்னர் அதைக் கவ்வாத நாள் கிடையாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் இரு சக்கர வண்டியில் போனவர்களுக்குப் புழுதி எங்கெல்லாம் நுழையும் என்பது தெரியும். அந்தப் புழுதி சுருளுக்குள் தங்கி, ரன்னரின் உட்புறத்தை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடுகிறது. வெள்ளியங்கிரியில் வெயிலுக்கு முன்பே மேலே போய்ச் சேர இரவில் ஏறுகிறவர்களுக்கு மேல்மலைகளில் குளிர்காற்று அறையும். ஸ்வெட்டரை எடுக்கப் பையைத் திறந்துவிட்டு, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் மூங்கில் தடியுமாகப் பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டபடி, ரன்னர் கவ்விய துணியை நூல் பிரியாமல் விடுவிப்பது எப்படி என்று இந்தப் பையை வடிவமைத்தவர் அங்கே வந்து ஒரு முறை செய்து காட்டினால் நன்றாக இருக்கும்.

நிறுவனத்துக்கு எழுதியதற்கு, முன்பக்கத் துணி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று முதலில் பதில் வந்தது. அந்தத் துணி இருப்பில் இல்லை என்பது அடுத்த பதில். உலகத்துக்கே பின்னலாடை அனுப்பும் ஊர் பக்கத்தில் இருக்கும்போது இந்தப் பதிலுக்காகக் காத்திருந்ததுதான் வீண். திருப்பூரில் ஆடைத் தொழிலுக்கான துணைப்பொருள் விற்கும் கடைகளில் ரன்னர் சில ரூபாய்தான். பை தைக்கும் பெரியவர் ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "பல்லெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, ரன்னருதான் வாயப் பொளந்துக்குச்சு. இத்தன வெயிட்டுக்குப் பத்தாம் நெம்பர் போட்டிருக்கோணுமுங்க" என்றார். ஜிப்பின் ஒரு முனையில் தையலைப் பிரித்து, பழையதைக் கழற்றி, புதியதைக் கோத்து, மறுபடியும் தைத்துக் கொடுக்க ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆயிற்று. வெளியூரில் ரன்னர் விரிந்துவிட்டால் குறடால் அதன் இரு பக்கங்களையும் மெல்ல அழுத்திச் சில நாள் ஓட்டலாம். சற்று அதிகமாக அழுத்தினால் உடைந்துவிடும்; பெரும்பாலும் அது துத்தநாகக் கலவையில் வார்த்ததுதான்.

இப்போது பையைத் தரையில் படுக்கவைத்து, பக்கவாட்டு இறுக்கு வார்களை முதலில் இழுத்துக் கட்டிய பிறகே ஜிப்பை மூடுகிறேன். உள்ளிருக்கும் விசையை வார்கள் வாங்கிக்கொள்வதால் வளைவுகளில் இழுவை குறைகிறது. பயணம் முடிந்ததும் பழைய பல்துலக்கியால் சுருளைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்த பின் மெழுகுவத்தியைத் தடவுகிறேன். எண்ணெய் போடச் சொல்லும் அறிவுரையைக் கேட்க வேண்டாம். எண்ணெய் புழுதியைச் சேர்த்துப் பிடிக்கும்.

இந்தப் பையின் விலை இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது. "வெல எறங்கியிருக்குதுங்கண்ணா, எடுத்துக்கட்டுங்களா?" என்று சித்தப்பா மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். எடுக்க வேண்டாம். இடுப்புப் பட்டைக்கு நிகராக வேறொன்றை நான் இதுவரை சுமந்ததில்லை என்பதும், என் பையை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதும் உண்மைதான். இருந்தாலும் இந்த ஜிப்பை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. மேலும் அவன் போக நினைப்பது வெள்ளியங்கிரியும், 2024-இல் அரசு 40 வழித்தடங்களோடு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் நம் பக்கத்துத் தடங்கள் ஒன்றிரண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பும் நடைக்குத் தண்ணீர், உணவு, மழைச்சட்டை, ஸ்வெட்டர் போக வேறென்ன வேண்டும்? 25 லிட்டர் போதும். அதிலும் மேல்வாயைக் கயிற்றால் சுருக்கிக் கட்டும் பையாகப் பார்த்து எடுக்கட்டும்.