மூன்று டார்கெட், ஒரு ஸ்டாப்லாஸ்: ஆப்ஷன் கால் சேனலில் பணம் கட்டும் முன் படியுங்கள்

டெலிகிராமில் நிஃப்டி ஆப்ஷன் கால், அதாவது எதை எந்த விலையில் வாங்கி விற்பது என்ற டிப்ஸ், கொடுக்கும் கட்டணச் சேனலில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேனலின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை, நான் சேர்ந்தபோது இருந்த பெயரில் அது இப்போது இல்லை. ஆனால் அவர்கள் கால் கொடுத்த விதம் இன்னும் பல சேனல்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த விதத்தைப் புரிந்துகொண்டால் பெயர் தேவைப்படாது.

அவர்கள் ஆள் பிடித்ததே எக்ஸிட்டை, அதாவது எந்த விலையில் விற்று வெளியே வருவது என்பதைச் சொல்லித்தான். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தத்தில் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அதில் இருந்தது. இந்தச் செய்தியைத்தான் விளம்பரமாகப் போட்டார்கள். "93 பேர் தோற்கக் காரணம் எக்ஸிட் பிளான் இல்லாததுதான். எங்கள் ஒவ்வொரு காலிலும் டார்கெட்டும் எஸ்எல்லும் இருக்கும்." டார்கெட் என்றால் லாபத்தில் விற்க வேண்டிய விலை, எஸ்எல் (ஸ்டாப்லாஸ்) என்றால் நட்டத்தை நிறுத்த விற்க வேண்டிய விலை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கால் இப்படி வரும்: நிஃப்டி கால் ஆப்ஷன் (நிஃப்டி குறியீடு ஏறினால் விலை ஏறும் ஆப்ஷன் வகை), 120க்கு மேல் வாங்கவும், டார்கெட் 130, 150, 200, எஸ்எல் 90. எல்லாமே இருக்கிறது, இல்லையா? ஒன்றைத் தவிர. எத்தனை லாட் (வாங்கி விற்கக்கூடிய குறைந்தபட்சக் கட்டு), எந்த டார்கெட்டில் எத்தனையை விற்பது என்று இருக்காது. மூன்று டார்கெட்டில் பிரித்து விற்கக் குறைந்தது மூன்று லாட் வேண்டும். சேனலில் பெரும்பாலானோர் ஒரே லாட் வைத்திருப்பவர்கள். ஒரு லாட்டை எங்கே உடைப்பது?

சரி, முதல் டார்கெட்டிலேயே விற்றுவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வந்தால் 10 புள்ளி, போனால் 30 புள்ளி (ஒரு புள்ளி என்பது விலையில் ஒரு ரூபாய்). பத்து காலில் ஏழு அடித்தால் 70 புள்ளி வரவு, மூன்று தவறினால் 90 புள்ளி செலவு. அவர்கள் கணக்கில் இது "70 சதவீத அக்யூரசி". நம் கணக்கில் 20 புள்ளி நட்டம். அப்போது நிஃப்டி லாட் 75, ஆக 1,500 ரூபாய் போச்சு. பத்தில் எட்டு அடித்தாலும் புரோக்கரேஜ், எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி எல்லாம் போக மிஞ்சுவது ஆயிரத்துக்குள்தான். அதிலிருந்துதான் சேனலின் மாதக் கட்டணத்தையும் கட்ட வேண்டும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை ஒன்று உண்டு. விலை 130ஐத் தொட்டதும் வரும் செய்தி: "டார்கெட் 1 டன். சேஃப் டிரேடர்ஸ் புக் பண்ணிக்கோங்க, ரிஸ்க்கி டிரேடர்ஸ் ஹோல்டு." இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன்பின் விலை 200 போனால், "ஹோல்டு பண்ணச் சொன்னோமே" என்பார்கள். சரிந்து 90க்கு வந்தால், "130லேயே புக் பண்ணச் சொன்னோமே" என்பார்கள். விலை எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் சொன்னது பலித்துவிடும். மாதக் கடைசியில் போடும் பட்டியலில், 130ஐ ஒரு நொடி தொட்டுவிட்டுச் சரிந்த காலும் வெற்றிதான். 200ஐத் தொட்டது 80 புள்ளி லாபம் என்றே பதிவாகும், ஏதோ எல்லாரும் உச்சியில் விற்றதுபோல. எஸ்எல் அடித்தவற்றில் சில "காஸ்ட் டு காஸ்ட் எக்ஸிட்", அதாவது வாங்கிய விலைக்கே விற்றது, என்று வரும். அந்த நேரத்தில் யாரும் காஸ்டில் வெளியே வரச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. சில கால்கள் பட்டியலிலேயே இருக்காது. ஆப்ஷன் காலாவதியாகும் எக்ஸ்பைரி நாளில் "ஹீரோ ஜீரோ" என்று ஒன்று தருவார்கள். அதற்கு எஸ்எல்லே கிடையாது. பூஜ்யமானால் அதையும் எண்ணமாட்டார்கள்.

நான் சண்டை பிடித்தது ஒரு குறிப்பிட்ட காலுக்காக. எஸ்எல் 90 என்றார்கள். டிரிக்கர் 90, லிமிட் 88 என்று ஆர்டர் போட்டிருந்தேன். விலை 90க்கு வந்ததும் ஆர்டர் சந்தைக்குப் போகும், ஆனால் 88க்குக் கீழே விற்காது. விலை ஒரே இழுப்பில் 80க்குக் கீழே போய்விட்டது. டிரிக்கர் ஆனது, ஆனால் 88க்கு வாங்க ஆளில்லை. ஆர்டர் பெண்டிங்கில் நின்றது. சேனலைப் பார்த்தால் 90 என்று இருந்த எஸ்எல் 60 ஆகியிருந்தது. புதுச் செய்தி இல்லை, பழைய செய்தியையே திருத்தியிருந்தார்கள். டெலிகிராமில் திருத்திய செய்திக்குப் பக்கத்தில் சின்னதாக "எடிட்டெட்" என்று தெரியும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாது. காலையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருந்தது. அப்புறம் 60ஐயும் தாண்டிப் போனது. "ஆவரேஜ் பண்ணுங்க, மூணு மணிக்கு மேல ரிவர்ஸ் ஆகும்" என்று, இறங்கிய விலையில் இன்னும் வாங்கச் சொல்லி, வந்தது. ஆகவில்லை.

கஸ்டமர் கேர் எண்ணுக்கு அழைத்தேன். பேசியவர் மரியாதைக்குக் குறைவில்லை. "சார், நீங்க ஏன் சார் லிமிட் போட்டீங்க? எஸ்எல்-எம் போட்டிருந்தா டக்குன்னு வெளிய வந்திருப்பீங்களே" என்றார். நிஃப்டி ஆப்ஷன் நடக்கும் என்எஸ்இ பங்குச் சந்தையில், டிரிக்கர் ஆனதும் கிடைத்த விலைக்கு விற்றுவிடும் எஸ்எல்-எம் ஆர்டரை ஆப்ஷனுக்கு 2021 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃப்ரீக் டிரேடு என்கிற தாறுமாறான விலைகளில் ஸ்டாப்லாஸ்கள் போய் விழுந்ததால் எடுத்த முடிவு அது. அன்றிலிருந்து அங்கே எஸ்எல்-லிமிட்தான். ஆப்ஷனில் சொந்தமாக எஸ்எல் ஆர்டர் போடும் யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. "எங்க டீமும் இதே காலைத்தான் சார் எடுக்குது" என்று சேரும்போது என்னிடம் சொன்னவரும் இவர்தான். எந்த டீம், எந்த ஆர்டர் என்று கேட்டேன். "மார்க்கெட்னா ரிஸ்க் இருக்கும்ல சார்" என்றார்.

சொந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்பதைக் காட்டாமல் லாபப் படம் மட்டும் காட்டுவது இந்தத் தொழிலில் புதிதில்லை. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய வர்த்தகத்தில் நிகரமாக 2.89 கோடி ரூபாய் நட்டம் என்று அதில் இருந்தது. வெளியே அவர் காட்டிக்கொண்டதோ லாபத்தை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது இன்னொன்று வெளியே வந்தது. சேனல் முகப்பில் ஐஎன்எச் என்று தொடங்கும் ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் போட்டிருந்தார்கள். செபி தளத்தில் தேடினால் அது வேறு மாநிலத்தில் இருக்கும் ஒருவருடையது. இவர்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்தத் தடயமும் இல்லை. கட்டணம் போனதோ மூன்றாவது ஒருவரின் யூபிஐக்கு. செபியின் ஸ்கோர்ஸ் தளம் பதிவுபெற்ற நிறுவனங்கள் மீதான புகாருக்குத்தான். பதிவே இல்லாதவர் மீது அங்கே வேலைக்கு ஆகாது. 1930க்கு அழைத்து சைபர் கிரைமில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

சேரத்தான் வேண்டும் என்றால், பதிவு எண்ணைச் சேனல் முகப்பில் பார்க்காமல் செபி தளத்தில் பாருங்கள். அங்கிருக்கும் பெயரும் பணம் வாங்கும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 2025 அக்டோபரிலிருந்து 'செபி செக்' என்ற வசதி இருக்கிறது. பதிவுபெற்றவர்களின் யூபிஐ முகவரியையும் வங்கிக் கணக்கையும் அதில் சரிபார்க்கலாம். பழைய கால்களில் பத்தை எடுத்து, முதல் டார்கெட் எத்தனை புள்ளி, எஸ்எல் எத்தனை புள்ளி என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "ஒரு லாட் வைத்திருப்பவன் எங்கே வெளியே வர வேண்டும்?" என்று அட்மினிடம் கேளுங்கள். நான் கேட்டதற்கு வந்த பதில் ஒரு கைகூப்பு எமோஜி.

ஏற்கெனவே சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள் ரீஃபண்ட் கேட்பதற்கு முன்பே சேனல் முழுவதையும் கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப் வழியாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். சேமிக்க முடியாதபடி பூட்டியிருந்தால் இன்னொரு போனில் படம் பிடியுங்கள், "எடிட்டெட்" என்ற குறி தெரிகிற மாதிரி. யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ரீஃபண்ட் கேட்ட அன்று மாலையே சேனலிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன்பிறகு பழைய செய்தி எதையும் பார்க்க முடியவில்லை. புகாரோடு கொடுக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டும்தான்.