புகைப்படங்களை எதில் வைப்பது? டிவிடி, ஹார்ட் டிஸ்க், கிளவுட் – ஓர் ஒப்பீடு

என் தங்கையின் திருமணம் 2008இல் நடந்தது. ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தோடு கூடவே படங்கள் அனைத்தையும் ஒரு டிவிடியில் பதிந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். அந்த உறை அம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், 16 ஆண்டுகள் ஒரு கீறல்கூட விழாமல் கிடந்தது. அதைக் கணினிக்கு மாற்றலாம் என்று எடுத்தபோது, வீட்டு மடிக்கணினிகள் எதிலும் டிவிடி டிரைவ் இல்லாததால், யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை வாங்கிவர வேண்டியிருந்தது. முதல் 600 படங்கள் தடையில்லாமல் வந்தன. அதற்குமேல் டிரைவ் சுற்றுவதும் நிற்பதும் மறுபடி சுற்றுவதுமாகத் திணறியது. வட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊதா நிறமாக இருக்க வேண்டிய அடிப்பக்கம், வெளி விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துப்போயிருந்தது.

காரணம் எளிது. நாம் வீட்டிலோ கடையிலோ பதியும் சிடி, டிவிடிகளில் தரவைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. ஒளியும் வெப்பமும் ஈரப்பதமும் அதே சாயத்தை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. எழுதுவது உள்வட்டத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. டிவிடி என்பது இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது என்பதால், ஒட்டு விடுவதும் ஈரம் புகுவதும் பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்குகின்றன. எனவே கடைசியாக எழுதப்பட்ட படங்கள் முதலில் போய்விடுகின்றன. எங்களுக்குப் போனவை தங்கையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைத்த படங்கள்; எங்கள் பாட்டி தெளிவாக நின்ற கடைசிப் படங்களும் அவற்றில்தான் இருந்தன.

அன்றிலிருந்து சேமிப்புச் சாதனம் எதைப் பார்த்தாலும், இது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு முன்னால், இது எப்படிப் பழுதாகும், பழுதாவதற்கு முன் நமக்குச் சொல்லுமா, சொன்ன பிறகு படங்களை எடுத்துக்கொள்ள அவகாசம் தருமா என்பதைத்தான் கேட்கிறேன். இந்த ஒப்பீடும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் செல்கிறது.

அந்தக் கணக்கில் சாதாரண டிவிடி மிகக் கீழே நிற்கிறது. அது பழுதாவதை யாருக்கும் சொல்வதில்லை, 4.7 ஜிபிக்குமேல் கொள்வதும் இல்லை. சாயத்துக்குப் பதிலாகக் கல்லைப் போன்ற கனிமப் படலத்தைக் கொண்ட எம்-டிஸ்க் இதைவிடப் பல மடங்கு மேலானது. ப்ளூ-ரே வடிவில் 25 ஜிபி முதல் 100 ஜிபி வரை அது கிடைக்கிறது; ஆயிரம் ஆண்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் கூறினார்கள். வட்டு ஆயிரம் ஆண்டு இருக்கலாம்; அதைப் படிக்கும் டிரைவ் இருக்க வேண்டுமே. எம்-டிஸ்கை உருவாக்கிய மில்லெனியாட்டா நிறுவனம் 2016இல் திவாலானது. பதியக்கூடிய ப்ளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை பானசோனிக் 2023இலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்திவிட்டன. கடைகளில் இன்னும் வட்டுகள் கிடைக்கின்றன என்றாலும், புதிதாகத் தொடங்குகிற ஒருவரை இந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பென் டிரைவையும் மெமரி கார்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை படங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக உதவுபவை. ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் கணினி அதை அடையாளமே காணாது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்குவது என்பதால் பலர் அதை நிரந்தரச் சேமிப்பாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அதில் தரவு மின்னேற்றமாகத்தான் நிற்கிறது, மின்சாரம் இல்லாமல் வைத்தால் அந்த ஏற்றம் சிறிது சிறிதாகக் கசியும். அழித்து அழித்து எழுதக்கூடிய அளவை முழுவதும் செலவழித்துவிட்ட எஸ்எஸ்டி ஒன்று, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே, சிப்களுக்கான தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு வகுத்திருக்கும் அளவுகோல். புதியது இதைவிட நெடுநாள் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பூட்டிய அலமாரிக்குள் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்தவர்கள், படங்களின் ஒரே பிரதியை எஸ்எஸ்டியில் போட்டு உள்ளே வைக்கமாட்டார்கள்.

உண்மையான போட்டி ஹார்ட் டிஸ்குக்கும் கிளவுடுக்கும் இடையில்தான்.

ஹார்ட் டிஸ்கின் முதல் சிறப்பு, அது நம் கையில் இருப்பது. மாதச் சந்தா இல்லை, இணையம் வேண்டாம், நம் கணக்கை யாரும் முடக்க முடியாது. ஒரு கைப்பேசிப் படம் சராசரியாக 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், 20,000 படங்கள் 80 ஜிபிக்குள் அடங்கிவிடும். 1 டிபி டிஸ்க் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுப் படங்களை வீடியோக்களோடு சேர்த்துத் தாங்கும். இரண்டாவது சிறப்பை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன்: ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் பழுதாகிறது. கோப்புறை திறக்க வழக்கத்தைவிட நேரமாகும், ஒரு படம் பாதியில் சாம்பல் நிறமாகும், உள்ளிருந்து டிக் டிக் என்ற ஓசை வரும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பைப் படித்துக் காட்டும்; அதில் பழுதடைந்து மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால், அன்றைக்கே வேறு டிஸ்க் வாங்க வேண்டும் என்று பொருள். ஆனால் இந்த எச்சரிக்கை, டிஸ்கை அவ்வப்போது இணைத்துப் பார்ப்பவருக்குத்தான் கிடைக்கும். ஐந்தாண்டு அலமாரியில் கிடந்த டிஸ்க் யாரிடம் சொல்லும்?

அதன் குறைகளும் கண்ணெதிரே இருப்பவைதான். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் அநேகமாக முடிந்தது. தரவு மீட்புக் கடைக்குக் கொண்டுபோனால் செலவு சில ஆயிரங்களில் தொடங்கிப் பல ஆயிரங்களுக்குப் போகும். கைக்கடக்கமான சில டிஸ்குகளில் யுஎஸ்பி முனை நேரடியாகப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதும், சில தயாரிப்புகளில் தரவு தானாகவே குறியாக்கம் செய்யப்படுவதும் மீட்பை மேலும் கடினமாக்குகின்றன. திருட்டும் தீயும் வெள்ளமும் டிஸ்கைத் தனியாக விட்டுவைப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஆல்பமும் கணினியும் பேக்கப் டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்த வீடுகளில் மூன்றும் ஒன்றாகவே நனைந்தன. ஒரே வீட்டில் உள்ள இரண்டு டிஸ்குகளை இரண்டு பிரதிகள் என்று கணக்கிடலாம். ஆனால் அங்கே பாதுகாப்பு ஒன்றுதான்.

இதே காரணத்தால், வீட்டு நெட்வொர்க்கில் இணைந்து நிற்கும், பல டிஸ்குகள் கொண்ட நாஸ் பெட்டிமேல் சிலர் வைக்கும் முழு நம்பிக்கையும் எனக்குக் கவலை தருகிறது. இரண்டு டிஸ்குகளில் ஒரே நேரத்தில் எழுதுவதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும் என்பது சரி. ஆனால் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், அது இரண்டிலும் அதே நொடியில் அழியும். இணையத்தில் திறந்துவிடப்பட்ட பெட்டிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு: 2021இல் கியூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல்கள் கியூநாப் நிறுவனப் பெட்டிகளைக் குறிவைத்து, உள்ளே இருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டன. கம்பி பிடுங்கப்பட்டு அலமாரியில் கிடக்கும் சாதாரண டிஸ்கை எந்தத் தீநிரலும் தொட முடியாது.

கிளவுடின் பலம் ஹார்ட் டிஸ்கின் பலவீனம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒரே கோப்பைப் பல இயந்திரங்களில் பிரித்தும் பெருக்கியும் வைக்கின்றன; டிஸ்க் பழுதாவதும் மாற்றப்படுவதும் அங்கே அன்றாட வேலை. நம் வீடு வெள்ளத்தில் மூழ்கினாலும் படம் அங்கே இருக்கும். கைப்பேசி பேருந்தில் தொலைந்தாலும், அன்று காலை எடுத்த படம் அதற்குள் மேலேறியிருக்கும். பேக்கப் எடுக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் கிளவுடில் பழுதாவது பெரும்பாலும் இயந்திரம் அல்ல, ஏற்பாடு. கூகுள் ஃபோட்டோஸ் 2015இல் வந்தபோது சற்றே சுருக்கிய படங்களை வரம்பின்றி இலவசமாக ஏற்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்று, அதன்பின் ஏற்றும் படங்கள் எல்லாம் மின்னஞ்சலோடு பகிர்ந்துகொள்ளும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டியதாயிற்று. ஃப்ளிக்கர் 2018இல் கைமாறிய பிறகு, இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என்று வரம்பிட்டது. இரண்டு ஆண்டுகள் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் செயல்படுத்துகிறது. இவை எல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவைதான். ஆனால் அறிவிப்பு வருவது மின்னஞ்சலுக்கு. அப்பாவின் படங்கள் இருக்கும் கணக்கின் மின்னஞ்சலை அப்பா இறந்த பிறகு யார் பார்ப்பது? கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பு 2013 முதலும், ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்ற அமைப்பு 2021 முதலும் இதற்காகவே இருக்கின்றன. அவற்றில் பிள்ளையின் பெயரையோ மனைவியின் பெயரையோ சேர்க்கப் பத்து நிமிடம் போதும். நான் கேட்டவரையில் என் உறவினர்களில் ஒருவர்கூடச் செய்திருக்கவில்லை.

இன்னொரு குழப்பம் இதைவிட அதிகமானவர்களைப் பாதிக்கிறது. கைப்பேசியில் இடம் நிறைந்ததும், படம்தான் கிளவுடில் இருக்கிறதே என்று எண்ணிக் கைப்பேசியில் அழித்துவிடுகிறார்கள். ஆப்பிள், கூகுள் இரண்டுமே அந்த அழிப்பைக் கிளவுடுக்கும் கொண்டுசெல்பவை. ஐகிளவுட் 30 நாளும் கூகுள் ஃபோட்டோஸ் 60 நாளும் குப்பைத்தொட்டியில் வைத்திருந்துவிட்டு நிரந்தரமாக நீக்கிவிடும். கைப்பேசியில் மட்டும் இடத்தைக் காலிசெய்ய கூகுள் செயலியில் தனிப் பொத்தான் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டு இடத்தையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு (சிங்க்) என்பது வேறு, தனிப் பிரதியைக் காக்கும் பேக்கப் என்பது வேறு.

வெளியே எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூகுள் டேக்அவுட் வழியாகப் படங்களை இறக்கினால், அவை ஜிப் பொட்டலங்களாக வருகின்றன. செயலிக்குள் நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இல்லாமல், பக்கத்தில் ஜேசன் என்ற தனிக் கோப்பில் வரும். பழைய ஆல்பப் படங்களை ஸ்கேன் செய்து, 1974 என்றும் 1981 என்றும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தேதியிட்டவர்கள், இறக்கிய படங்கள் எல்லாம் ஸ்கேன் செய்த நாளின் தேதியில் நிற்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான். உள்ளே அனுப்புவதும் சுலபமில்லை: நொடிக்கு 20 மெகாபிட் மேலேற்ற வேகத்தில் 200 ஜிபியை அனுப்ப, இடையறாமல் ஓடினாலும், 22 மணி நேரத்துக்குமேல் ஆகும்.

ஆகவே ஒன்று சொல்லிவிட்டுப் பழுதாகும், ஆனால் வீட்டோடு சேர்ந்து அழியக்கூடியது. மற்றொன்று வீட்டை மீறி நிற்கும், ஆனால் கணக்கோடு சேர்ந்து அழியக்கூடியது. இரண்டும் ஒரே நாளில், ஒரே காரணத்தால் போவது அரிது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல என்னால் இயலாததற்கு அதுவே காரணம்.

நம் பழைய நூல்கள் வந்த வழியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பனையோலை நம் ஈரத்துக்கும் பூச்சிக்கும் சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குவது கடினம். ஓலை நலியும் முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதியதால்தான், அதைவிடப் பல மடங்கு பழமையான பாட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடியது, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பிழையைக் கண்டுகொள்ளத்தான். ஒரே ஏடு இருந்தால் பிழை எது என்றே தெரியாது. கணினியில் இந்த ஒப்புநோக்கலை, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பெண் செய்கிறது: டெராகாப்பி போன்ற மென்பொருளில் சரிபார்க்கும் வசதியோடு பிரதியெடுத்தால், மூலமும் பிரதியும் ஒரு பிட்கூட மாறாமல் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். வெறுமனே இழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு படத்தைத் திறந்து பார்த்து நிம்மதியடைவதை நான் விட்டுவிட்டேன்.

தங்கையின் படங்களும் அப்படியொரு பிரதியிலிருந்துதான் திரும்பி வந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன், 2010இல் ஊருக்கு வந்தபோது அந்த டிவிடியைத் தன் கணினியில் ஏற்றி, பிறகு கணினி மாற்றும்போதெல்லாம் அந்தக் கோப்புறையையும் கூடவே மாற்றிவந்திருக்கிறான். நல்லவேளையாக அவன் அவற்றை எங்களுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பவில்லை. அப்படி அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலம் மாறாமல் வரும். அவன் பென் டிரைவிலேயே கொண்டுவந்தான்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த இரண்டு ஹார்ட் டிஸ்குகள், ஒரே தொகுப்பில் வந்த இரண்டும் ஒன்றாகப் பழுதாகாமல் இருக்க வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு நிறுவனத்தில் வாங்கியவை. ஒன்று என்னிடம், மற்றொன்று கோயம்புத்தூரில். மூன்றாவது பிரதி கட்டணம் செலுத்தும் கிளவுட் கணக்கில், மூலத் தரத்தில். ஆண்டுக்கு முப்பது நாற்பது படங்களை மட்டும் தேர்ந்து, லேபில் வெள்ளி உப்புத் தாளில் பிரின்ட் போட்டு, பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி, ஒட்டும் பிளாஸ்டிக் பக்கங்கள் இல்லாத ஆல்பத்தில் செருகிவைக்கிறோம். தாளைப் படிக்க எந்த டிரைவும் வேண்டாம் என்பதால் அதையும் ஒரு பிரதியாகவே எண்ணுகிறேன். டிஸ்குகளுக்கு ஐந்தாண்டு, ஆறாவது ஆண்டு எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் புதியது வாங்கிப் பெயர்த்துவிடுவது.

பொங்கலுக்குச் சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது தன் டிஸ்கைக் கொண்டுவருகிறான். போகியன்று மாலை இரண்டையும் இணைத்து, அந்த ஆண்டுப் படங்களைச் சேர்த்து, சரிபார்ப்பு முடியும்வரை காத்திருந்து, என்னிடம் இருந்ததை அவனுக்கும் அவனிடம் இருந்ததை எனக்குமாக மாற்றிக்கொள்கிறோம். கிளவுட் கணக்கின் கடவுச்சொல்லும், எந்த டிஸ்க் எந்த ஆண்டு வாங்கியது என்ற குறிப்பும், டிவிடி இருந்த அதே பீரோவில், ஒரு நாற்பது பக்க நோட்டில் அம்மாவின் கையெழுத்தில் இருக்கின்றன.