துறைவாரியா, பையர்வாரியா: பனியன் கம்பெனியில் வேலையைப் பிரிக்கும் இரண்டு வழிகள்

திருப்பூரில் நடுத்தர அளவில் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் வேலையைப் பிரித்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று துறைவாரி. மெர்ச்சண்டைசிங் (ஆர்டர் பேசிப் பின்தொடர்வது), பர்ச்சேஸ், துணி, கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேனேஜர். எல்லாரும் முதலாளிக்குக் கீழே. இன்னொன்று பையர்வாரி, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிவாரி. ஜெர்மனி பையருக்கு ஒரு அணி, இங்கிலாந்து பையருக்கு ஒரு அணி. ஆர்டர் பேசுவது முதல் கன்டெய்னர் ஏற்றுவது வரை அந்த அணித் தலைவரே பார்ப்பார். எங்கள் கம்பெனி முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறியது. அந்த முடிவை எடுத்த பங்குதாரர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்த அலசல் பையர்வாரிப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். துறைவாரியில் ஆள் செலவு குறைவு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை தேறும். ஒருவர் லீவு போட்டால் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துக்கொள்வார். பையர்வாரியில் வெளிநாட்டுக்காரர் பேசுவதற்கு ஒரே ஆள், முடிவும் வேகமாக வரும். ஆனால் ஒரே மாதிரி வேலைக்கு அணிக்கு ஒருவர் வேண்டும், சம்பளம் கூடும். இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்தான்.

எங்களை முடிவெடுக்க வைத்தது காத்திருப்பு. ஒரு டீ-ஷர்ட் ஆர்டரில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்துவது), கட்டிங், தையல், அயர்னிங் என்று உண்மையில் வேலை நடக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மொத்த டெலிவரிக் காலத்தில் அது சிறு பங்குதான். மீதி நாளெல்லாம் துணியோ ஃபைலோ அடுத்த துறையின் வாசலில் கிடக்கிறது. துறைவாரியில் இந்த நாட்களுக்குப் பொறுப்பாளி என்று யாரையும் காட்ட முடியாது. எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது வேறொன்று: ஒவ்வொரு துறையும் தன் வேலையை நன்றாகச் செய்யச் செய்யக் காத்திருப்பு கூடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பர்ச்சேஸ் மேனேஜரின் திறமையை நாம் நூல் விலையில் பார்க்கிறோம். அதனால் இரண்டு மூன்று ஆர்டர்களுக்கான 30-ஆம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த பருத்தி) நூலைச் சேர்த்து வாங்க ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார். துணி மேனேஜரைக் கிலோவுக்கு என்ன டையிங் கூலி கொடுத்தார் என்று கேட்கிறோம். ஒரு கலர் 150 கிலோதான் என்றால், சாயப்பட்டறையில் சின்ன லாட்டுக்குக் கூலி அதிகம் என்று, அதே கலரில் இன்னொரு ஆர்டர் வரட்டும் என்று வைத்திருக்கிறார். கட்டிங் மாஸ்டருக்கு துணி வேஸ்ட்தான் கணக்கு. பனியன் விலையில் பாதிக்கு மேல் துணியே என்பதால் அவர் எல்லா சைஸையும் ஒன்றாக மார்க்கர் (துணிமேல் வெட்டும் வரைபடம்) போட்டு, எல்லாத் துணியும் வந்த பிறகு வெட்டவே விரும்புவார். ஆகவே காலர் ரிப் வந்து சேரும் வரை பாடித் துணி ரேக்கில் இருக்கும். தையல் மேனேஜருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்பதுதான் கணக்கு. ஸ்டைல் மாறினால் லைன் பழகுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் ஓடுகிற ஸ்டைலை நீட்டுவார், அடுத்தது நிற்கும். நான்கு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான்கு பேர் ரிப்போர்ட்டும் பச்சையாக இருக்கிறது. கப்பல் மட்டும் தூத்துக்குடியை விட்டுப் போய்விடுகிறது. அப்புறம் அதே சரக்கை விமானத்தில் பல மடங்கு செலவு செய்து அனுப்ப வேண்டும். அந்தச் செலவு எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாமல் கம்பெனி லாபத்தில் மொத்தமாகக் கழியும்.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் இரண்டு வாரம் போல நீண்டது. தன் கடைக்குச் சரக்கு வர வேண்டிய தேதியைப் பையர் நமக்காகத் தள்ளிவைக்க மாட்டார். அந்த நாட்களை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். கடலில் எடுக்க முடியாது, நம் கட்டடத்துக்குள்தான் எடுக்க முடியும். எங்கள் பேச்சு சூடு பிடித்தது அப்போதுதான்.

பையர்வாரியில் என்ன மாறியது என்றால், நூல் விலை, டையிங் கூலி, துணி வேஸ்ட், விமானச் செலவு எல்லாம் ஒரே ஆளின் கணக்குக்கு வந்தன. சின்ன லாட்டுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்து இன்றே சாயம் போடலாமா, காத்திருந்து பிறகு விமானத்தில் அனுப்பலாமா என்று அவர்தான் கணக்குப் போடுகிறார். பெரும்பாலும் முன்னதே மலிவு. பழைய அமைப்பில் இந்த இரண்டு தொகையையும் ஒன்றாகப் பார்த்தவர் முதலாளி மட்டுமே, அவருக்குத் தெரிய வரும்போது கலர் லாட் ஏற்கெனவே தாமதமாகியிருக்கும். லேப் டிப்புக்கு (சாயத்தின் மாதிரித் துண்டுக்கு) அப்ரூவல் வந்தது, லேபிள் ஆர்ட்வொர்க் மாறியது போன்ற தகவல்களும் இப்போது நாலு ஃபைல் தாண்ட வேண்டியதில்லை, ஒரே மேஜையில் பேசி முடிகிறது.

இது நம் ஊரில் மட்டும் வந்த பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி முதல் உலகப் போருக்குப் பிறகு வெடிமருந்தோடு பெயிண்ட், சாயம் என்று பல பொருள்களில் இறங்கியது. உற்பத்திக்கு ஒரு துறை, விற்பனைக்கு ஒரு துறை என்ற பழைய அமைப்பே தொடர்ந்தது. சுரங்கக் கம்பெனிகளுக்கு டன் கணக்கில் விற்றுப் பழகியவர்களே கடைக்காரருக்குப் பெயிண்ட் டப்பாவும் விற்றார்கள். பெயிண்ட் விற்பனை ஏறியும் நஷ்டம் வந்தது. 1921-இல் பொருள்வாரியாகப் பிரிவுகள் அமைத்து, ஒவ்வொன்றின் லாப நஷ்டத்தையும் அதன் தலைவரிடம் கொடுத்தார்கள். நேர்மாறான உதாரணம் ஆப்பிள். 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் தனித்தனி பிரிவுகளைக் கலைத்து, முழுக் கம்பெனியையும் ஒரே லாப நஷ்டக் கணக்கின் கீழ் துறைவாரியாக மாற்றினார், அது அவர்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதே சமயம் அவர் பொருள்களின் எண்ணிக்கையையும் வெகுவாகக் குறைத்தார். விற்பது கொஞ்சம் பொருள்கள் என்றால் மேலே இருக்கும் சிலரால் எல்லாவற்றையும் கண்ணில் வைத்திருக்க முடியும்.

இதே காரணத்தால் உள்நாட்டு பனியன், ஜட்டி செய்கிற கம்பெனிகள் துறைவாரியில் இருப்பதே சரி என்று நினைக்கிறேன். வருடம் முழுக்க அதே வெள்ளை ஆர்.என். (வட்டக் கழுத்து) பனியன், அதே சைஸ், ஸ்டாக் வைத்து விற்கிற சரக்கு. அங்கே காத்திருப்பு வலிக்காது, கிலோவுக்கு மிச்சமாகும் ரூபாய்தான் லாபம். உள்நாட்டு வியாபாரம் நான் செய்ததில்லை. சொந்தக்காரர்கள் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

பையர்வாரி என்றதும் எல்லாவற்றையும் வெட்டிப் பிரித்துவிடக் கூடாது. நாங்கள் செக்கிங்கை (தரம் பார்ப்பதை) அணிகளிடம் கொடுக்கவில்லை, இனியும் கொடுக்க மாட்டோம். ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால், 5,000 பீஸ் லாட்டில் வழக்கமாக 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 10 வரை இருந்தால் பாஸ், 11 என்றால் ஃபெயில். கப்பல் தேதி நெருங்கும்போது அந்தப் பதினோராவது ஓட்டையை எண்ணுவதா வேண்டாமா என்பதை டெலிவரிக்குப் பொறுப்பான ஆளிடம் விடக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த நெருக்கடியில் அவரை நிறுத்துவது நியாயமல்ல. செக்கிங் நேராகப் பங்குதாரருக்குப் பதில் சொல்கிறது. சாம்பிள் பிரிவும் பொதுதான். நல்ல பேட்டர்ன் மாஸ்டர் கிடைப்பதே கஷ்டம், ஆளுக்கொருவர் வைக்க முடியாது. அக்கவுண்ட்ஸ் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

தையல் லைன்கள்தான் இன்னும் இழுபறி. அணிக்கு இத்தனை லைன் என்று ஒதுக்கினோம். ஒரு அணிக்கு சீசன் முடிந்து லைன் சும்மா இருக்கும்போது, பக்கத்து அணி வெளியே பவர் டேபிளுக்கு (கூலிக்குத் தைக்கும் யூனிட்டுக்கு) கொடுத்துத் தைக்கிறது. கடன் கொடுக்கும் லைனுக்கு உள்விலை ஒன்று வைத்திருக்கிறோம், வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுகிறோம், ஆனாலும் உரசல் நிற்கவில்லை. துறைவாரியில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

பெரிய பலவீனம் 2025 ஆகஸ்ட் இறுதியில் தெரிந்தது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீதான வரியை 50 சதவீதமாக்கியதும் எங்கள் அமெரிக்க அணிக்கு வேலை அப்படியே வற்றியது. ஐரோப்பா பார்க்கும் அணியில் ஆள் போதவில்லை. ஆட்களை மாற்றினோம், வேறு பையரின் வழக்கங்கள், வேறு டெஸ்டிங் விதிகள் பழகுவதற்கு நேரம் ஆனது. துறையாக இருந்திருந்தால் வேலை தானாகப் பரவியிருக்கும். இப்படி ஒரு மந்தம் நீண்டால் இந்த அமைப்பு தாங்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பயமும் உண்டு: அணித் தலைவர் வேலையை விட்டால் பையர் உறவும் அவரோடு போகலாம். அதனால் ஒவ்வொரு பையரோடும் ஒரு பங்குதாரர் நேரடித் தொடர்பில் இருக்கிறோம்.

ஒரே பையருக்குச் செய்கிற சின்ன யூனிட்டுகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. பல யூனிட் வைத்திருக்கிற பெரிய குழுமங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நடுவில் இருப்பவர்கள், போன சீசனில் தாமதமான ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே எத்தனை நாள் நின்றது என்று எழுதிப் பாருங்கள். ஒரே துறைக்குள் நின்றிருந்தால் அந்தத் துறையைச் சரிசெய்தால் போதும். துறைக்கும் துறைக்கும் இடையில் நின்றிருந்தால் ஒரு பையரை மட்டும் தனி அணியாக்கி ஒரு சீசன் ஓட்டலாம். அதற்கு முன் பங்குதாரர்களுக்குள் பேச வேண்டியது ஒன்று உண்டு: அந்த அணித் தலைவருக்குக் காஸ்டிங் ஷீட்டை (செலவுக் கணக்குத் தாளை) முழுதாகக் காட்டுவோமா? எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றித் தரும் வரைக்குமான விலை), மார்ஜின் உட்பட எல்லாம் தெரிந்தால்தான் அவரால் அந்தக் கணக்கைப் போட முடியும். அதை மறைத்து வைத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் கொடுப்பதாக இருந்தால் துறைவாரியிலேயே இருங்கள்.