ஜிமிக்கிக்கு பாத், கூந்தலுக்கு மாஸ்க்

பாத்திரக்கடை, நகைக்கடை, ஜவுளிக்கடைகளுக்கான கேட்டலாக், நோட்டீஸ், பேனர் வேலைகள்தான் பல வருடங்களாக எனக்குச் சோறு போடுகின்றன. அதில் பாதி நேரம் படத்தின் பேக்ரவுண்டை கட் பண்ணுவதிலேயே போய்விடும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு எத்தனையோ வழிகள் இருந்தாலும் தினமும் கை தேடிப் போவது இரண்டைத்தான்: பென் டூலில் புள்ளி வைத்துப் பொருளைச் சுற்றிப் போடும் கோடான பாத், படத்தை அழிக்காமல் வேண்டாத இடத்தை மறைக்கும் லேயர் மாஸ்க். மேஜிக் வாண்ட், லாசோ எல்லாம் அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான். எரேசரை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். அழித்தது அழித்ததுதான், ஆறு மாதம் கழித்து கஸ்டமர் “அந்தப் பழைய படத்தையே போட்டுடுங்க சார்” என்று வந்து நிற்பார்.

ஓரம் கறாராக இருக்கும் பொருளுக்கு பாத்தை மிஞ்சிய வழி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. எவர்சில்வர் குடத்தை வெள்ளைத் துணி முன்னால் வைத்து எடுத்த படத்தைப் பாருங்கள். பளபளப்பில் துணியே தெரிவதால் குடத்தின் விளிம்பும் வெள்ளையாக இருக்கும். நிற வித்தியாசத்தை வைத்துத் தேர்வு செய்யும் கருவிகள் அந்த இடத்தில் குடத்தின் வயிற்றையே கடித்துவிடும். பென் டூலுக்கு நிறத்தைப் பற்றிக் கவலை இல்லை. குடம் எப்படி வளையும் என்பது நமக்குத் தெரியும். அந்த வளைவை நாமே போட்டுவிடுகிறோம்.

சூட்சுமம் எல்லாம் புள்ளி வைப்பதில். கழுத்து முடிந்து வயிறு விரியும் இடம், வயிறு மிக அகலமான இடம், அடிப்பக்கம் திரும்பும் இடம், இங்கெல்லாம் ஒவ்வொரு புள்ளி போதும். புள்ளி கூடக்கூட ஓரம் மேடு பள்ளமாகும். மவுஸை விடாமல் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் வைத்த புள்ளியையே நகர்த்தலாம். ஆல்ட்டை அழுத்தி இழுத்தால் வளைவைத் திருப்பும் கைப்பிடியான ஹேண்டில் ஒரு பக்கம் மட்டும் தனியாகத் திரும்பும். 200 சதவீதம் பெரிதாக்கி, ஓரத்துக்கு ஒரு பிக்சல் உள்ளே தள்ளியே பாத்தைக் கொண்டுபோவது என் வழக்கம். பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வராது. (இந்த வளைவுக்குப் பெயர் கொடுத்த பியர் பெஸியே, ரெனோ கார் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர். 1960-களில் கார் பாடியை வரைய அவர் கையாண்ட கணக்குதான் இன்று நம் குடத்தைச் சுற்றி வருகிறது.)

ஜிமிக்கி இன்னும் பொறுமையைக் கேட்கும். வெளி ஓரம் முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ளே தனி பாத் போட்டு, ஓட்டை தனியாக வெட்டுப்பட ‘எக்ஸ்க்ளூட் ஓவர்லேப்பிங் ஷேப்ஸ்’ கொடுக்க வேண்டும். முத்துகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளியைக்கூட விட்டுவிடக் கூடாது. விட்டால் அச்சில் அங்கே பழைய பின்னணி அழுக்கு மாதிரி தெரியும்.

பாத்துக்கு ஒரு பெயர் வைத்து சேவ் செய்து, பாத்ஸ் பேனல் மெனுவில் கிளிப்பிங் பாத் (படத்தை வெட்டிக் காட்டும் பாத்) என்று குறித்துவிட்டால் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் அதைப் புரிந்துகொண்டு பொருளை மட்டும் காட்டும். வளைவு எவ்வளவு நுணுக்கமாக அச்சாக வேண்டும் என்று, அதாவது ஃப்ளாட்னஸ் கேட்கும் கட்டத்தை நான் காலியாகவே விடுகிறேன். அச்சு இயந்திரத்தின் கணக்கே போதும். இன்டிசைனுக்கு முந்தைய பேஜ்மேக்கர் காலத்தில் இதை விட்டால் வேறு வழி கிடையாது. இப்போது ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலையே பின்னணி இல்லாமல் டிரான்ஸ்பரன்ஸியோடு வைக்க முடிவதால் தேவை குறைந்திருக்கிறது. ஆனாலும் ஜேபெக்கிலேயே பாத் ஏறிப் போகும், ஃபைலும் சின்னது. நூற்றுக்கணக்கில் பொருள் இருக்கும் கேட்டலாக்கில் இது பெரிய சௌகரியம்.

சரி, கூந்தலுக்கு வருவோம். கிளிப்பிங் பாத்தின் ஓரம் கத்தி வெட்டு. உள்ளே அல்லது வெளியே, நடுவில் எதுவும் கிடையாது. பறக்கும் முடியை அப்படி வெட்டினால் மாடல் தலையில் ஹெல்மெட் மாட்டியதுபோல இருக்கும். 1994-ல் லேயர்களோடு (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்குகள்) சேர்ந்து வந்த லேயர் மாஸ்க்தான் இங்கே கைகொடுக்கிறது. வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். எட்டு பிட் படத்தில் 256 படிகள்.

முடிக்கு நான் சேனலில் (சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரிந்த படம்) இருந்துதான் தொடங்குவேன். கூந்தலும் சுவரும் எந்தச் சேனலில் நன்றாகப் பிரிகின்றனவோ, பெரும்பாலும் நீலம், அதற்கு ஒரு நகல் எடுத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றும் லெவல்ஸில் முடியைக் கருப்பாகவும் சுவரை வெள்ளையாகவும் தள்ளி, தலைகீழாக்கி மாஸ்க் ஆக்குவது. பட்டுப்புடவை விளம்பரத்தில் இதற்கு ஒரு வில்லன் உண்டு: மல்லிகைப்பூ. முடி கருப்பாகும்போது பூ சுவரோடு சேர்ந்து காணாமல் போய்விடும். பூச்சரத்துக்கு மட்டும் பாத் போட்டு மாஸ்க்கில் வெள்ளை நிரப்புவேன். இதழ் ஓரத்துக்கு ஒரு பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) போதும்.

ஆளையும் பொருளையும் மென்பொருளே கண்டுபிடித்துத் தேர்வு செய்யும் கருவிகள், 2018-ல் வந்த செலக்ட் சப்ஜெக்ட், அதன் பிறகு வந்த ஆப்ஜெக்ட் செலக்ஷன் எல்லாவற்றையும் நானும் பயன்படுத்துகிறேன். ஆள் படத்துக்கு முதல் வெட்டு நொடியில் கிடைக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த வகைக் கருவிகளுக்கு ஜிமிக்கியின் ஓட்டையும் முந்தானைக் குஞ்சத்தின் இடைவெளியும் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மிச்சம் கை வேலைதான்.

ஒரே லேயரில் பாத்தை வெக்டர் மாஸ்க்காகவும் (பாத்துக்கு வெளியே இருப்பதை மறைக்கும் மாஸ்க்), கூடவே லேயர் மாஸ்க்கையும் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டும் அனுமதித்த இடம் மட்டுமே தெரியும். அதனால் தோள், கை, புடவை ஓரத்துக்கு பாத்தை ஒட்டிப் போட்டுவிட்டு, தலைப் பக்கம் மட்டும் தாராளமாக விலக்கிச் சுற்றிவிட வேண்டும். அங்கே முடிவு செய்வது லேயர் மாஸ்க்.

முடித்ததும் கீழே அடர் அரக்கு நிறத்தில் ஒரு லேயர் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் யோக்கியமாக இருந்த படம் தீபாவளி நோட்டீஸின் அரக்கில் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு காட்டும். அமேசானில் முதன்மைப் படம் 255, 255, 255 சுத்த வெள்ளையில் இருக்க வேண்டும் என்பதால், அதற்காக வெட்டிய படங்களில் இந்தக் குறை கடைசிவரை ஒளிந்திருக்கும்.

இன்றும் என்னைப் படுத்துவது கண்ணாடி. ஊறுகாய் பாட்டிலின் வெளி ஓரத்துக்கு பாத் போட்டு, ஊறுகாய்க்கு மேலே உள்ள வெற்றுக் கண்ணாடியை மாஸ்க்கில் சாம்பலாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் ஒளிமினுக்கை கீழ் லேயரை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் முறையிலும் நிழலை அதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையிலும் தனி லேயர்களாக ஏற்றுகிறேன். இந்த வேலைக்கு மட்டும் ரேட் கூடுதல். கஸ்டமரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.